அழித்த மடல்களும் எஞ்சிய நாடாக்களும்: மின்னஞ்சல் வரலாற்று மூலமாதல் பற்றிய ஒரு நோக்கு

வரலாற்றாய்வாளர் கையாளும் மூலாதாரங்களுள் கடிதத்துக்குத் தனியானதோர் இடமுண்டு. சாசனம் ஊரறியப் பொறிக்கப்படுவது. அரச அறிக்கை பலர் பார்வைக்கென்றே செப்பனிடப்படுவது. கடிதமோ குறித்த ஒருவரை முன்னிறுத்தி, குறித்த ஒரு தேவையின் பொருட்டு எழுதப்படுவது. பிற்காலத்தவர் படிப்பர் என்ற நினைவு எழுதுவோருக்கு இல்லாதவிடத்தே அதன் சான்றுப் பெறுமதி உயர்கின்றது. ஆயினும் கடிதம் எழுதியவரிடம் தங்குவதில்லை, பெற்றவரிடமே தங்குகின்றது. உ. வே. சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களைப் பல்லாண்டுகளாகப் பேணி வைத்தமையாலேயே சி. வை. தாமோதரம்பிள்ளை முதலானோர் அவருக்கு எழுதியவை இன்று எமக்குக் கிடைக்கின்றன. அலுவலகக் கடிதங்கள் பிழைத்த வழி வேறு. ஒல்லாந்தர் காலத்துக் கொழும்பு அலுவலகம், அனுப்பிய கடிதங்களின் பிரதிகளையும் வந்த கடிதங்களையும் தொகுதி தொகுதியாகக் கட்டி வைத்தது. பெற்றவரின் பேணுகையும் அலுவலகத்தின் பதிவு ஒழுங்குமாகிய இவ்விரு வழிகளாலேயே பழைய கடிதங்கள் எமது காலம்வரை வந்துள்ளன.

மின்னஞ்சல் இவ்விரு வழிகளுக்கும் புறம்பாக நிற்பது. அது எழுதியவரிடமும் பெற்றவரிடமும் இடையிலுள்ள கணனிகளிலும் ஒரேவேளையில் பிரதியாகின்றது. ஆனால் அவற்றுள் எதனையும் பேணுதல் எவருடைய கடமையென்பது தொடக்கத்தில் வரையறுக்கப்படவில்லை. கடித இலிகிதர் திறந்து, எண்ணிட்டு, கோவையிற் சேர்க்கும் வழக்கம் அதற்கில்லை. உத்தியோகத்தர் தாமே எழுதித் தாமே அனுப்பித் தாமே அழிக்கின்றார். தொலைபேசி பரவியபோது, முடிபுகள் எவ்வாறு எடுக்கப்பட்டன என்பதற்கான எழுத்துச் சான்று அருகிவிடும் என்று வரலாற்றாய்வாளர் கவலைகொண்டதுண்டு. அவ்வாறு காற்றிற் கலந்த உரையாடலின் ஒரு பகுதியை மின்னஞ்சல் மீண்டும் எழுத்தாக்கியது. பேச்சின் கூச்சமின்மையும் எழுத்தின் நிலைபேறும் அதிற் சேர்ந்திருந்தன. ஆனால் அந்நிலைபேற்றை எழுதியவர்களே உணர்ந்திருக்கவில்லை என்பதை முதன்முதலிற் பெருமளவில் வெளிப்படுத்தியது ஐக்கிய அமெரிக்காவின் வெள்ளை மாளிகையில் நிகழ்ந்த ஒரு விவகாரமாகும். மின்னஞ்சலைச் சுவடிக்கூடங்கள் ஏற்கும் நிலை அங்கிருந்தே உருவாகியமையால் அதனைச் சற்று விரிவாக நோக்குதல் தகும்.

1980களின் முற்பகுதியில் அமெரிக்க தேசிய பாதுகாப்புச் சபையின் அலுவலகத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தின் 'புறொவ்ஸ்' எனப்படும் அலுவலக மடல் முறை நிறுவப்பட்டது. 1985ஆம் ஆண்டளவில் அச்சபையின் உத்தியோகத்தர் அனைவரும் அதனைப் பயன்படுத்தலாயினர். ஈரானுக்கு ஆயுதங்களை இரகசியமாக விற்று, அதிற் பெற்ற பணத்தை நிக்கராகுவாவின் கொன்ரா கிளர்ச்சியாளருக்குத் திருப்பிவிட்ட நடவடிக்கை இக்காலத்திற்குரியது. அதன் நடுநாயகமாக விளங்கிய ஒலிவர் நோர்த்தும், அவருடைய மேலதிகாரியான ஜோன் பொயின்டெக்ஸ்டரும் வழமையான அலுவலகப் படிநிலைகளைத் தவிர்த்து நேரடியாகத் தொடர்புகொள்வதற்கு இம்மடல் முறையிலே தனியானதொரு வழியை அமைத்துக்கொண்டனர். கோவையிற் சேராது, இடைநிலை உத்தியோகத்தர் கண்ணிற் படாது செல்வதே அவ்வழியின் பயன்.

1986 நவெம்பரில் விவகாரம் வெளிப்படலாயிற்று. அம்மாதத்தின் இறுதிப் பகுதியில், சில நாட்களுக்குள், பொயின்டெக்ஸ்டர் தமது கணக்கிலிருந்த 5012 மடல்களையும் நோர்த் 736 மடல்களையும் அழித்தனர். காகிதக் கோவைகளை அரைக்கும் பொறிக்கு இட்டவர்கள் கணனி மடல்களுக்கு ஒரு விசையை அழுத்துதலே போதுமென எண்ணினர். ஆனால் கணனி பழுதுற்றால் மீளவைப்பதற்காகக் காந்த நாடாவில் ஒழுங்காகக் காப்புப் பிரதி எடுப்பது அம்முறையின் வழக்கம். சில கிழமைகளின் பின் அதே நாடாவின் மீது வேறு பதிவு இடப்படும், பழையது மறையும். இம்முறை அவ்வாறு மறையவில்லை. வெள்ளை மாளிகைத் தொடர்பாடல் முகவரகத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் நவெம்பர் நடுப்பகுதியின் காப்பு நாடாக்களை ஒதுக்கி வைத்திருந்தனர். அழித்தலுக்கு முந்திய மடல்கள் அவற்றில் இருந்தன. விசையை அழுத்தினால் மடல் என்றென்றைக்குமாக ஒழிந்துவிடும் என்றே தாம் யாவரும் நம்பியிருந்ததாக 1987 ஜூலையில் நோர்த் அமெரிக்கப் பேரவை முன் சாட்சியமளித்தார்.

1987 பெப்ரவரி 26ஆம் நாள் வெளியான ரவர் ஆணைக்குழுவின் அறிக்கை இம்மடல்களைப் பெருமளவில் எடுத்தாண்டது. அவ்வறிக்கையைப் படிப்போர் ஒன்றை அவதானிக்கலாம். முறைப்படியான குறிப்பாணைகளில் ஓர் உத்தியோகத்தர் தம் நிலைப்பாட்டைக் கூறுவார்; மடல்களிலோ எவரை நம்புவது, எதனை எவருக்குச் சொல்லாது விடுவது என்ற ஐயங்களையும் ஒளிவின்றி வைப்பார். இராசதந்திர வரலாற்றாய்வாளர் தேடும் பொருள் இதுவே. அது சுவடிக்கூடத்தின் முயற்சியாற் கிடைக்கவில்லை. கணனி பழுதுறுமென்ற அச்சத்தால் எடுத்த பிரதியினாலும், அதனை மீண்டும் பயன்படுத்தாது நிறுத்தி வைத்த சிலரின் கவனத்தினாலும் கிடைத்தது. இவ்வுண்மை பின்வந்த வழக்குகளிலே மறக்கப்படவில்லை.

1989 ஜனவரி 19ஆம் நாள், றீகன் பதவி நீங்குவதற்கு முதல் நாள், எஞ்சிய மடல்களும் காப்பு நாடாக்களும் அழிக்கப்படவிருக்கின்றன என அறிந்த தேசிய பாதுகாப்புச் சுவடிக்கூடம் நீதிமன்றத்தை நாடியது. பெயரால் அரச நிறுவனம்போலத் தோன்றினும் அது 1985இல் அமைந்த அரசுசாராத ஆய்வு நிறுவனமாகும். அதன் நிறுவுநரான ஸ்கொட் ஆம்ஸ்ரோங்கின் பெயராலேயே வழக்கு அறியப்படுகின்றது. அமெரிக்க வரலாற்றுச் சங்கமும் அமெரிக்க நூலகச் சங்கமும் வழக்காளிகளாக இணைந்தமை எமது துறையினர் கவனிக்கவேண்டியது. வரலாற்று மூலமொன்று அழிவதைத் தடுக்க வரலாற்றாய்வாளரும் நூலகரும் சேர்ந்து நாட்டின் தலைமை அலுவலகத்தை எதிர்த்து வழக்காடியமை அருமையான நிகழ்வாகும். நீதிபதி பரிங்டன் பார்க்கர் அன்று மாலையே தற்காலிகத் தடையுத்தரவு பிறப்பித்தார். நாடாக்கள் பிழைத்தன.

அரச தரப்பின் வாதத்தை நகைத்துத் தள்ளிவிட முடியாது. மின்மடல் என்பது தொலைபேசிச் செய்தித் துண்டுக்கு நிகரானது. ஆவணமாகத் தகுதிபெற்ற எதனையும் உத்தியோகத்தர் காகிதத்தில் அச்சிட்டுக் கோவையிற் சேர்த்திருப்பர். எனவே கணனியிலுள்ளது மிகைப்பிரதியே என்பது அவ்வாதம். நூலகத்துறை அறிந்தோரிற் பலர்கூட அக்காலத்தில் இவ்வாறே கருதியிருப்பர். காகிதம் நூற்றாண்டுகள் நிற்பது. நாடாவோ சில பத்தாண்டுகளில் நொய்ந்துவிடுவது. அச்சிட்டு வைப்பதில் என்ன குறை?

குறை யாதென்பதை 1993 ஜனவரி 6ஆம் நாள் நீதிபதி சாள்ஸ் றிச்சியின் தீர்ப்பும், அதனை உறுதிசெய்த அதே ஆண்டு ஓகஸ்ட் 13ஆம் நாள் மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பும் விளக்கின. திரையில் தோன்றும் மடலை அச்சிடும்போது அதன் உடற்பகுதி மாத்திரமே முழுமையாகக் காகிதத்துக்கு வருகின்றது. பெற்றவர்களின் முழுப்பெயருக்குப் பதிலாகக் குறியெழுத்தோ, ஒரு குழுவின் பெயரோ அச்சாகலாம். அக்குழுவில் அன்று எவரெவர் இருந்தனர், மடலை எவர் எந்நேரத்திற் பெற்றார் என்பவை கணனியிலேயே தங்கிவிடுகின்றன. மேன்முறையீட்டு நீதிபதிகள் அச்சுப்பிரதியையும் மின்மூலத்தையும் ஒத்த இரட்டையராகக் கொள்ள மறுத்து, உறவினராக மாத்திரமே கண்டனர். பாடபேத ஆராய்ச்சியிற் பழகியவர்களுக்கு இது புதிதன்று. ஏட்டின் பாடலை மட்டும் பெயர்த்தெழுதி, ஏடெழுதியவர் பெயரும் ஆண்டும் கூறும் இறுதிக் குறிப்பை விட்டுவிட்டாற் பாடல் எஞ்சும்; ஏட்டின் வரலாறு எஞ்சாது. ஓர் உத்தியோகத்தர் ஒரு செய்தியை அறிந்திருந்தாரா, எப்பொழுது அறிந்தார் என்பதே அரசியல் வரலாற்றிற் பெரும்பாலும் வினாவாக அமைவது. அவ்வினாவுக்கான விடை மடலின் உடலில் இல்லை; தலைப்பகுதியில் உள்ளது.

இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடையில் ஒரு நிகழ்வு உண்டு. 1993 ஜனவரி 19ஆம் நாள் இரவு, முதலாவது புஷ் பதவி நீங்குவதற்கு முன்னர், தேசிய சுவடிகள் நிறுவனத்தின் தலைவரான டொன் வில்சன் அவருடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டார். மின்மடல்கள் மீதான கட்டுப்பாட்டை முன்னாள் ஜனாதிபதிக்கே அது வழங்கியது. ஆயிரக்கணக்கான நாடாக்களும் நூற்றுக்கு மேற்பட்ட வன்தட்டுகளும் இரவோடிரவாக அகற்றப்பட்டன. சிறிது காலத்தில் வில்சன் பதவி துறந்து புஷ்ஷின் பெயரால் அமையும் நிலையத்தின் பணிப்பாளரானார். 1995 பெப்ரவரியில் நீதிபதி றிச்சி அவ்வுடன்பாட்டைச் செல்லாததாக்கினார். சுவடிக்கூடத் தலைவரின் நோக்கம் யாதாயினும், சுவடிகளைக் காப்பதற்கென நியமிக்கப்பட்டவர் சுவடிக்கு உரியவரின் பக்கம் நின்றதாகவே அதனைக் கொள்ளவேண்டியுள்ளது. அவசரமாக ஏற்றப்பட்ட நாடாக்களிற் சில பழுதுற்றிருந்தமையும் நீதிமன்றத்தின் கண்டனத்துக்கு இலக்காயிற்று. சுவடிக்கூடங்கள் ஏடுகளையும் காகிதத்தையும் கையாள அறிந்திருந்தன. நாடாவைக் கையாள அவை அப்பொழுது ஆயத்தமாகவில்லை.

பிற்கால நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகக் கூறலாம். 1994 முதல் கிளின்டனின் அலுவலகம் மின்மடல்களைத் தானாகவே சேமிக்கும் முறையைக் கைக்கொண்டது. அவருடைய பதவிக்கால முடிவிற் சுவடிகள் நிறுவனம் பெற்றவை 2 கோடிக்கு மேற்பட்டன. இளைய புஷ்ஷின் காலத்தில் அச்சேமிப்பு முறை கைவிடப்பட்டுப் பல நாட்களின் மடல்கள் காணாமற் போயினவென்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2009 டிசெம்பரில் எட்டப்பட்ட இணக்கத்தின்போது 2 கோடி 20 இலட்சம் மடல்கள் கண்டெடுக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அரச திணைக்களங்கள் மடலை மின்வடிவிலேயே பேணவேண்டுமென்ற கட்டளை 2012இல் வந்தது. அதற்கான இறுதி நாள் 2016 டிசெம்பர் 31. 1993ஆம் ஆண்டுத் தீர்ப்பிலிருந்து நோக்கினால் 23 ஆண்டுகள்.

இக்கட்டளையை நிறைவேற்றுவதற்கென 2013இல் வகுக்கப்பட்ட முறை தனியே ஆராயத்தக்கது. ஒவ்வொரு மடலையும் படித்துத் தேர்வது இயலாதாகையால், உயர்பதவி வகிப்போரின் மடல்கள் யாவும் நிரந்தரமாகப் பேணப்படும். ஏனையோரின் மடல்கள் 7 ஆண்டுகளின் பின்னரும், துணைப் பணியாளரின் மடல்கள் 3 ஆண்டுகளின் பின்னரும் அழிக்கப்படலாம். நிர்வாக நோக்கில் இது சிக்கனமானது. அழிப்பதா வைப்பதா என்ற முடிவை எழுதியவரின் கையிலிருந்து அகற்றியமையும் பெருநன்மையே. ஆயினும் வரலாற்று நோக்கில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அலுவலகமொன்றில் நிகழ்வதைத் தெளிவாக எழுதுபவர் எப்பொழுதும் தலைவரல்லர். இலங்கையின் குடியேற்றக் கால வரலாற்றை எழுதுவோர் தேசாதிபதியின் அறிக்கைகளிலும் பார்க்க மாகாணத்து அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகளிலிருந்தே கிராமத்தின் நிலையை அறிந்தனர். பதவியைக் கொண்டு பெறுமதியை அளக்கும் முறை நாளைய சமூக வரலாற்றாய்வாளருக்கு மேல்மாடியை மாத்திரமே விட்டுச்செல்லும்.

எமது நாட்டிலும் இவ்விடயம் தொலைவிலுள்ள ஒன்றன்று. 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் சட்டம் காகித உலகத்தில் இயற்றப்பட்டது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் மின்வடிவப் பதிவுக்குச் சட்ட அங்கீகாரம் அளித்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டமோ 'தகவல்' என்பதன் பொருள்கோடலில் மின்னஞ்சலை வெளிப்படையாகவே சேர்த்தது. புதிதாக உருவாகும் பதிவேடுகளைப் பகிரங்க அதிகார சபைகள் 12 ஆண்டுகளுக்குக் குறையாது பேணவேண்டுமெனவும் விதித்தது. இவற்றை மனத்திற்கொண்டு 2023ஆம் ஆண்டு நிகழ்ச்சியை நோக்கவேண்டும். அவ்வாண்டு ஓகஸ்டில் அரசாங்க மின்னஞ்சல் முறை பணயம் கோரும் தீம்பொருளின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மடல்கள் மீட்கப்பட முடியாது போயின. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அக்கால எல்லைக்குரிய காப்புப் பிரதி இருக்கவில்லை. பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் கடன் மறுசீரமைப்புப் பற்றிய முடிபுகள் எடுக்கப்பட்ட மாதங்கள் அவை. 2035 வரையிலேனும் இருந்திருக்கவேண்டிய மடல்கள் நூறு நாட்களளவிற்கு இல்லாதொழிந்தன. வாஷிங்டனில் அழிக்க முயன்றவர்களையும் மீறி நாடா காத்தது. கொழும்பில் அழிக்க எவரும் எண்ணாதபோதும் நாடா இல்லாமையால் அழிந்தது. பத்திரிகைகள் இதனைத் தொழில்நுட்பச் செய்தியாகவே பெரிதும் வெளியிட்டன. ஒரு திணைக்களத்தின் மூன்று மாதக் கோவைகள் தீக்கிரையாகியிருப்பின் செய்தி வேறு பக்கத்தில் வந்திருக்கும்.

அரச மடல்களை விட்டுத் தனிமனிதரின் மடல்களுக்கு வருவோமாயின், பல்கலைக்கழக நூலகங்களின் பங்கு முன்னிற்கின்றது. பிரித்தானிய நூலகம் 2011இல் கவிஞர் வென்டி கோப்பின் ஆவணத் தொகுதியைப் பெற்றபோது அதில் ஏறத்தாழ 40,000 மின்னஞ்சல்கள் இருந்தன. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கவிஞர் றொபேட் கிறீலியின் தாள்களுடன் அவருடைய மின்னஞ்சல்களும் வந்தன. பெட்டிகளில் வந்த கடிதத்தை நூலகர் ஒருவர் புரட்டிப் பட்டியலிடலாம். பல்லாயிரம் மடல்களை அவ்வாறு செய்தல் இயலாது. மருத்துவரின் குறிப்பும், வங்கிக் கணக்கும், பிறர் நம்பிக்கையுடன் எழுதிய துயரமும் இலக்கியக் கலந்துரையாடலோடு ஒரே பெட்டியில் விரவிக் கிடக்கும். எழுதியவர் நூலகத்துக்குக் கொடுக்க இசைந்தாலும் அவருக்கு எழுதியவர்கள் இசைந்தார்களா என்ற வினா எஞ்சுகின்றது. இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்கும் நோக்குடன் ஸ்ரான்போர்ட் நூலகம் 'ஈபாட்' என்னும் மென்பொருளை உருவாக்கி 2015இல் வெளியிட்டது. அது மடல்களிலுள்ள ஆட்பெயர், இடப்பெயர்களைப் பிரித்தெடுக்கின்றது. மறைத்து வைக்கவேண்டியவற்றைக் குறித்துக் காட்டுகின்றது. நூலகத்துக்கு நேரில் வரும் ஆய்வாளருக்கு முழு மடலையும், தொலைவிலுள்ளவருக்குப் பெயர்களை மாத்திரமும் காட்ட வழிசெய்கின்றது. எல்லாவற்றையும் திறந்துவிடுதல், எல்லாவற்றையும் பூட்டிவைத்தல் என்ற இரண்டுக்கும் இடைப்பட்ட இவ்வழி எமது நூலகங்களுக்கும் ஏற்புடையதெனலாம்.

ஆனால் தமிழ் மடல்களுக்கென்றே உரிய ஒரு சிக்கலை இம்மென்பொருள் எதுவும் தானாகத் தீர்த்துவிடாது. யுனிகோட் குறியேற்றத்தில் தமிழ் 1991ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றிருந்தும், அது மக்கள் வழக்கிற்கு வரப் பல ஆண்டுகள் சென்றன. இடைக்காலத்தில் தமிழர் எழுதிய மடல்கள் பலவகைப்பட்டன. சில ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்க்கப்பட்டவை. சில திஸ்கியில் அமைந்தவை. 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டின் பின் தமிழ்நாட்டு அரசு ஏற்ற 'தாம்', 'தாப்' முறைகளிலும் சில உள்ளன. இலங்கையரும் புலம்பெயர்ந்தோரும் பெரிதும் கையாண்டது பாமினி எழுத்துரு. பாமினியில் 'அம்மா' என்று எழுதியவரின் கணனி சேமித்தது தமிழ் எழுத்தையன்று. எம், கே, ஓர் அரைப்புள்ளி, மீண்டும் கே, எச் என்னும் வரிசையையே அது சேமித்தது. எழுத்துரு இருக்கும் வரை அது அம்மாவாகத் தோன்றும். இல்லாதபோது பொருளற்ற எழுத்துக் குவியலாகும். திஸ்கிக் குறியேற்றத்தின் ஆக்கத்திலும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மூலம் தமிழ் நூல்கள் மின்பதிப்பானதிலும் பல நாடுகளிற் சிதறியிருந்த தமிழர் மின்மடலாலேயே ஒன்றுபட்டு உழைத்தனர். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ் கணனியேறிய வரலாற்றின் முதன்மைச் சான்று அம்மடல்களே. அவற்றை எழுதியவருட் பலர் இன்று முதுமையடைந்துள்ளனர். அவர்களுடைய பழைய கணனிகள் வீட்டு மூலைகளிலோ, அதுவுமின்றியோ உள்ளன.

இத்தகைய மடல்களைப் பெறும் நூலகம் செய்யவேண்டியவற்றுட் சில எளியவை. மடல்களை அச்சிட்டுத் தருமாறு கேளாது, மடற்பெட்டி முழுவதையும் தலைப்பகுதியும் இணைப்புகளும் சிதையாது மூலக்கோப்பாகவே பெறவேண்டும். அதனைத் திருத்தாது ஒருபுறம் வைத்து, யுனிகோட்டுக்கு மாற்றிய பிரதியை வாசகருக்கென வேறாக ஆக்கவேண்டும். மாற்றத்தில் நிகழும் வழுக்களை ஒப்புநோக்க மூலம் வேண்டப்படும். கொடுத்தவர் எந்த ஆண்டுகளில் எந்த எழுத்துருவைப் பயன்படுத்தினார் என்பதை அவரிடமே கேட்டு எழுதிவைக்கவேண்டும். அவருக்குப் பின் அதனைக் கூற எவரும் இரார். அவ்வெழுத்துருவின் கோப்பையும் மடற்பெட்டியுடன் ஒரே கோவையில் இடுதல் வேண்டும்.